காற்று நின்றுபோன நேரம்: பன்ஸ்ஃபீல்ட் ஆவிமேகமும் ஜூரோங் தீவின் கணக்கும்

சிங்கப்பூரின் இரசாயன ஆலைகள் குவிந்திருக்கும் ஜூரோங் தீவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாரிடமாவது, வாயு கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைப் பார்ப்போம், காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போவோம், முடியாவிட்டால் குறுக்கே விலகுவோம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், சரியான பதில்தான். ஆனால் காற்று வீசிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பதில் செல்லும். வாயு எவ்வளவு தூரம் போகும் என்று கணிக்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகின்றன.

காற்று அறவே நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலையில், லண்டனுக்கு வடமேற்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டிய பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் அது தெரிந்தது. அது இரசாயன ஆலை அல்ல, பெட்ரோல் கிடங்கு. இருந்தாலும் கனமான ஆவியைச் சேமித்து வைத்திருக்கும் எந்த ஆலைக்கும் அந்த நிகழ்வு பொருந்தும். சிங்கப்பூரில் பாதுகாப்புக் கணக்குப் போடுகிறவர்கள் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடந்தது

முந்தைய நாள் மாலை 7 மணி வாக்கில் 912-ஆம் டேங்குக்குக் குழாய் வழியாக ஈயமில்லாப் பெட்ரோல் ஏறத் தொடங்கியது. அதிகாலை 3 மணியைத் தாண்டியதும் டேங்கின் மட்டம் காட்டும் கேஜ் அசையாமல் நின்றுவிட்டது. டேங்க் நிரம்பிக்கொண்டே இருக்க, திரையில் மட்டம் மாறவில்லை. மட்டம் மாறாததால் அலாரமும் அடிக்கவில்லை. மணிக்குச் சுமார் 550 கன மீட்டர் வேகத்தில் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கேஜ் புதிதாக மக்கர் செய்ததும் அல்ல. பராமரிப்பு முடிந்து டேங்க் மறுபடி வேலைக்கு வந்த 2005 ஆகஸ்ட் இறுதியிலிருந்து விபத்து நாள் வரை 14 முறை அது சிக்கிக்கொண்டதாக விசாரணையில் தெரிந்தது.

கேஜ் கைவிட்டாலும் காப்பாற்ற, தனியாக ஓர் உயர்மட்ட சுவிட்ச் இருந்தது. மட்டம் எல்லை தாண்டினால் அது பம்பிங்கை நிறுத்தியிருக்க வேண்டும். அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் பூட்டு பொருத்தப்படவில்லை. அதனால் சுவிட்ச் இருந்தும் இல்லாத நிலைதான்.

சுமார் 5:37-க்குப் பெட்ரோல் டேங்கின் மேல்விளிம்பைத் தாண்டி வழிந்தது. வழிந்த திரவம் சுவரோடு ஒட்டி இறங்கவில்லை. டேங்கின் மேற்பகுதியைச் சுற்றி, காற்றின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பொருத்தியிருந்த இரும்பு வளையத்தில் மோதிச் சிதறி, துளித்துளியாக அருவிபோல் விழுந்தது. ஒவ்வொரு துளியும் விழும்போது சுற்றியிருந்த காற்றை இழுத்துக்கொண்டது, கொஞ்சம் ஆவியானது, குளிர்ந்தது. குளிர்ந்த காற்றில் ஈரம் உறைந்து வெள்ளை மூடுபனியாகியது. குளிர்காலப் பெட்ரோலில் பியூட்டேன் அதிகம் என்பதால் ஆவியாதலும் அதிகம்.

சிசிடிவி பதிவில், 5:38-க்கு டேங்கைச் சுற்றியுள்ள பண்ட் சுவரைத் தாண்டி ஒரு மீட்டர் உயரத்துக்கு வெள்ளைப் படலம் வெளியே வருவது தெரிகிறது. 5:46 வாக்கில் அது இரண்டு மீட்டர் உயரம். எல்லாப் பக்கமும் பரவுகிறது. அடுத்த சில நிமிடங்களில் வேலியைத் தாண்டிப் பக்கத்துச் சாலைக்கும் வண்டி நிறுத்துமிடங்களுக்கும் போய்விட்டது. லாரி ஓட்டுநர்கள் பார்த்துச் சொன்னார்கள். அவசர பொத்தானை அழுத்தினார்கள். தீயணைப்பு நீர்ப் பம்ப் ஓடத் தொடங்கியது. 6:01-க்கு வெடித்தது. தீப்பொறி அந்தப் பம்ப் அறையிலிருந்தே கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணைக் குழு கருதியது. காப்பாற்றப் போட்ட கருவியே பற்றவைக்கும் இடமாக மாறிவிட்டது. நம்முடைய அவசரத் திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒரு விவரம் முன்னால் வந்து நிற்கும்.

43 பேர் காயமடைந்தார்கள். யாரும் இறக்கவில்லை. ஞாயிறு காலை 6 மணி, பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆளில்லை. ஒரு வேலைநாளின் காலை 9 மணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. 20-க்கும் மேற்பட்ட டேங்குகள் எரிந்தன; நெருப்பு நாட்கணக்கில் நீடித்தது.

கணிப்பு எங்கே இடறியது

அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடங்குகளின் பாதுகாப்பு அறிக்கைகளில் ஆக மோசமான விபத்து என்று எழுதப்பட்டது தேங்கிய எண்ணெய் எரிவதுதான். டேங்க் வழிந்தால் பண்டுக்குள் குளமாக நிற்கும், பற்றினால் எரியும், அவ்வளவே. ஊரை உலுக்கும் அளவுக்கு ஆவிமேகம் உருவாகும் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதுதான் நம் தொழிலுக்கு முக்கியம்.

பரவல் கணிப்பின் பழைய அடிப்படை கௌஸியன் சூத்திரம். அதில் காற்றின் வேகம் வகுக்கும் இடத்தில், கீழே நிற்கிறது. வேகம் பாதியானால் வாயுவின் செறிவு இரட்டிப்பாகும். வேகம் சுழியானால் விடை எல்லையில்லாமல் போகும், அதாவது சூத்திரமே செல்லாது. அதனால் மென்பொருள்களில் ஒரு கீழ்வரம்பு வைத்துவிடுகிறார்கள். அமெரிக்க அரசு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் அலோஹா, வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைவான காற்றை ஏற்காது. அது நேர்மையான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வரம்புக்குக் கீழேயும் ஓர் உலகம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுவதில்தான் சிக்கல்.

சூத்திரத்தில் வரும் பரவல் அளவுகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1956-இல் வெட்டிய புல்வெளியில் கந்தக டை ஆக்சைடை விட்டு, 800 மீட்டர் தூரம் வரை மாதிரி எடுத்து நடத்திய ப்ரெய்ரி கிராஸ் சோதனைகள் அதற்கு முக்கிய ஆதாரம். காற்று எவ்வளவு கலங்கலாக அல்லது அமைதியாக இருக்கிறது என்பதைக் காட்ட, பிரிட்டிஷ் வானிலையாளர் பாஸ்க்வில் 1961-இல் வெளியிட்ட ஏ (மிகக் கலங்கல்) முதல் எஃப் (மிக அமைதி) வரையான நிலைத்தன்மை வகுப்புகளோடு சேர்ந்து அவை உலகெங்கும் பரவின. தட்டையான புல்வெளியில் பிறந்த எண்கள் இன்று கோபுரங்களும் குழாய்ப் பாலங்களும் டேங்குகளும் நெருக்கியடிக்கும் இடங்களில் பயன்படுகின்றன. பயன்படுத்தலாம். எங்கே பிறந்தவை என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

கனமான வாயுவுக்குத் தனிக் கணிப்பு முறைகள் பின்னால் வந்தன. பிரிட்டனில் தோர்னி தீவில் 1982 முதல் 1984 வரை, 2,000 கன மீட்டர் கன வாயுவை ஒரே மூச்சில் விட்டு அளந்தார்கள். நெவாடா பாலைவனத்தில் 1983-இல் அம்மோனியாவை விட்டார்கள். டெகாடிஸ், ஸ்லாப், ஃபாஸ்ட் போன்ற கணிப்பு மென்பொருள்கள் தன் எடையால் தரையோடு பரவும் வாயுவைக் கணக்கில் சேர்க்கின்றன. ஆனால் அவற்றின் வழக்கமான பயன்பாட்டிலும் தரை தட்டை, சுவர் இல்லை, காற்று ஒரே திசையில் சீராக வீசுகிறது.

வழக்கத்தில் ஆக மோசமான வானிலை என்று எடுத்துக்கொள்வது எஃப் வகுப்பு, வினாடிக்கு 1.5 மீட்டர் காற்று. இந்தக் கணக்கு ஒரு நீண்ட, ஒல்லியான வால்போன்ற படத்தைத் தரும். ஒரு திசையில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு அது நல்ல எச்சரிக்கைதான். அதை வைத்தே, காற்றில்லாத நிலையும் இதில் அடங்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. பன்ஸ்ஃபீல்டில் உருவானது வால் அல்ல. பல நூறு மீட்டர் அகலத்துக்கு, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் எல்லாப் பக்கமும் படர்ந்த படலம் அது.

கையால் ஒரு கணக்கு

பெரிய மென்பொருள் எதுவும் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். வழிந்தது 250,000 லிட்டருக்கு மேல் என்று விசாரணை சொன்னது. எடையில் சுமார் 180 டன். அதில் பத்தில் ஒரு பங்கு ஆவியானது என்று வைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம், ஆனால் பொருந்தாத ஊகம் அல்ல. 18 டன் ஆவி. ஒரு கன மீட்டர் ஆவியின் எடை 2.5 கிலோ என்றால் 7,200 கன மீட்டர் ஆவி. அருவியாய் விழும்போது காற்றோடு கலந்து 3 சதவீதச் செறிவுக்கு வந்தது என்றால் மொத்த மேகம் 240,000 கன மீட்டர். இரண்டு மீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் 12 ஹெக்டேர். விசாரணையாளர்கள் எரிந்த தடங்களை வைத்துக் கண்ட பரப்பும் இதே அளவை ஒட்டித்தான் இருந்தது.

இந்தக் கணக்கில் காற்றின் வேகம் எங்குமே வரவில்லை, பாருங்கள். அதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருப்பது நேரம்.

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் சாரம் இதுதான். காற்று வீசும்போது, தொடர்ந்து கசியும் வாயு ஒரு கட்டத்தில் நிலைபெற்றுவிடும். பத்து நிமிடம் கசிந்தாலும் ஒரு மணி நேரம் கசிந்தாலும் தீப்பற்றக்கூடிய பகுதியின் அளவு மாறாது, ஏனென்றால் வருவதைக் காற்று கலைத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது, எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பது. காற்று நின்றுவிட்டால் கலைக்க ஆளில்லை. ஒரு தடவை காற்றோடு கலந்த ஆவி, மேற்கொண்டு நீர்த்துப் போகாமல் தரையில் பரவிக்கொண்டே இருக்கும். அங்கே கேட்க வேண்டியது, எவ்வளவு நேரம் கசிகிறது என்பது. சின்னக் கசிவு என்று நாம் ஒதுக்கிவைப்பவை இங்கேதான் பெரிதாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. வினாடிக்கு 2 கிலோ புரொப்பேன் ஒரு ஃபிளாஞ்சில், அதாவது குழாய் இணைப்பில், கசிகிறது. பாய்ச்சல் பக்கத்துக் குழாயில் முட்டி வேகமிழந்து, 4 சதவீதச் செறிவில் தரையில் இறங்குகிறது என்று வைப்போம். வினாடிக்குச் சுமார் 28 கன மீட்டர் மேகம். இருபது நிமிடம் யாரும் வால்வை அடைக்கவில்லை என்றால் 33,000 கன மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு ஹெக்டேருக்கும் மேல். இதே கசிவுக்கு மிதமான காற்றில் மென்பொருள் வரையும் படம் டேங்க் வளாகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் அடைத்திருந்தால் அரை ஹெக்டேர்தான். ஆக, காற்றில்லாத நேரத்தில் ஆலையின் பாதுகாப்பு, கசிவைக் கண்டுபிடித்து அடைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதில் நிற்கிறது.

பன்ஸ்ஃபீல்ட் ஓர் அபூர்வம் என்று தள்ளவும் முடியாது. 2009 அக்டோபர் 23-இல் போர்ட்டோ ரிக்கோவில், கடானோவை ஒட்டிய பயமோனில் பெட்ரோல் டேங்க் வழிந்து வெடித்தது. கேஜ் கோளாறு, காற்றில்லாத நள்ளிரவு. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 29-இல் ஜெய்ப்பூரில் பெட்ரோல் வால்வு வழியாகப் பீய்ச்சி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆவி படர்ந்து வெடித்தது. அங்கே உயிர்கள் போயின. நச்சு வாயுவிலும் இதே கதை உண்டு. 2005 ஜனவரி 6, அதிகாலை 2:40 வாக்கில் அமெரிக்காவின் கிரானிட்வில்லில் சரக்கு ரயில் மோதி குளோரின் டேங்கர் கிழிந்தது. வாயு பள்ளத்தை நோக்கி ஓடியது. 9 பேர் இறந்தார்கள்.

நம் காற்று

இங்கே ஒருவர் கேட்கலாம்: அது குளிர் நாடு, டிசம்பர் மாதம், சிங்கப்பூருக்கு என்ன சம்பந்தம்? போர்ட்டோ ரிக்கோ வெப்பமண்டலத் தீவு என்பதே பாதி பதில். மீதிப் பாதி நம் வானிலைக் குறிப்பிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வலுத்து வீசும் நாட்களை விட்டுவிட்டால், சிங்கப்பூரில் தரைக் காற்றின் சராசரி வேகம் பொதுவாக வினாடிக்கு 2.5 மீட்டருக்கும் குறைவு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இடைப்பருவ மாதங்களில் காற்று இன்னும் மெல்லியது, திசையும் மாறிக்கொண்டே இருக்கும். இரவில் பல மணி நேரம் இலைகூட அசையாது. நடுவில் ஒரு சுமத்ரா சூறைக்காற்று விடியலுக்கு முன் அடித்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகும். மாதச் சராசரியைப் பார்த்தால் இரண்டும் கலந்து, நடுத்தரமான ஓர் எண்தான் தெரியும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜூரோங் தீவைச் சுற்றிக் கடல். இரவிலும் கடல்நீர் வெதுவெதுப்பாக இருப்பதால், ஓர் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் உருவாகும் அளவுக்கு இறுக்கமான குளிர்க்காற்று அடுக்கு இங்கே எளிதில் உருவாகாது. அது நமக்குச் சாதகம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். அந்த எடையே போதும் அதைத் தரையில் படுக்கவைக்க.

இன்னொரு விஷயம் தரை. ஏழு தீவுகளைக் கடல் தூர்த்து இணைத்து உருவாக்கியது ஜூரோங் தீவு. 2000 அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இப்போது சுமார் 32 சதுர கிலோமீட்டர். தூர்த்த நிலம் என்பதால் மேடு பள்ளம் குறைவு. பள்ளம் இல்லாத நிலத்தில் கன வாயு சுற்றிலும் படரும், அல்லது வடிகாலில் இறங்கும். மழைக்காக நாம் வெட்டிவைத்திருக்கும் பெரிய வடிகால்கள் கன வாயுவுக்குத் தயாரான வாய்க்கால்கள். பெரும்பாலான கணிப்புப் படங்களில் இந்த வடிகால்கள் இருப்பதே இல்லை. சாலையோர மரவரிசையும் அப்படித்தான். பன்ஸ்ஃபீல்டில் நெருக்கமான மரங்களும் புதர்வேலியும் தீயின் வேகத்தைக் கூட்டியது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது.

ஆலையின் அபாயத்தை எண்களில் கணக்கிடும் க்யூஆர்ஏ அறிக்கை ஒன்றை எடுத்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் காற்று வீசியது என்று பின்னிணைப்பில் காட்டும் விண்ட் ரோஸ் படத்தைப் பாருங்கள். பதினாறு திசைக்கும் இதழ்கள். நடுவில் ஒரு சின்ன வட்டம். அதற்குள்ளோ ஓரத்திலோ 'காம்' (calm) என்று ஒரு சதவீதம் எழுதியிருக்கும். காற்று இல்லை என்று கருவி பதிந்த நேரம் அது. அடுத்த பக்கத்தில் கணக்குக்குப் போகும் அட்டவணை இருக்கும். அதில் அந்த வட்டத்தைக் காணோம். அந்தச் சதவீதத்தைத் திசைகளுக்குப் பகிர்ந்து, வினாடிக்கு ஒரு மீட்டர் காற்றாக மாற்றியிருப்பார்கள். கூட்டினால் நூறு சரியாக வரும். ஆனால் காற்றே இல்லாத அத்தனை மணி நேரமும் மெல்லிய காற்று வீசிய நேரமாகிவிட்டது. என் கண்ணில், அறிக்கையிலேயே மிக ஆபத்தான மணி நேரங்கள் அவை.

சிங்கப்பூரில் பெரிய அபாய ஆலைகளுக்கான விதிமுறைகள் 2017 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. ஆலை தன் அபாயங்களைத் தானே அறிந்து, கட்டுக்குள் வைத்திருப்பதை மனிதவள அமைச்சிடம் பாதுகாப்பு ஆவணமாக நிரூபிக்க வேண்டும். இந்த அணுகுமுறை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒரு வடிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் தப்ப முடியாது. காற்றில்லாத நேரத்தைத் தனி நிகழ்வாக எடுத்துப் பேச அதில் இடமிருக்கிறது.

பை தொங்கினால்

ஒரு முனையத்தில் இரவு ஷிஃப்ட் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு. மழை விட்டிருந்தது, காற்று சுத்தமாக இல்லை. சூப்பர்வைசர் வழக்கம்போல் கசிவு வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் இளைஞர், புதுக்கோட்டைப் பக்கம், கம்பத்தைக் காட்டிக் கேட்டார்:

"அண்ணே, பை இந்த மாதிரி தொங்கிக் கெடந்தா எந்தப் பக்கம் ஓடுறது?"

"எல்லாரும் கூடுற ரெண்டாவது அசெம்பிளி பாயின்ட்டுக்குப் போயிடு தம்பி."

"அங்க போற வழியிலதானே அந்தப் பெரிய வடிகால் இருக்கு."

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்ல கேள்வி, எழுதி வைக்கிறேன்" என்றார். எழுதியும் வைத்தார். பேனல் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதற்குப் பதில் வாயுவைப் பொறுத்து மாறும். எரியும் ஆவி என்றால், முழங்கால் உயரத்தில் வெள்ளைப் படலம் தெரிந்தாலே அதற்குள் கால் வைக்கக் கூடாது, வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பண்டையும் வடிகாலையும் விட்டு விலகி, திறந்த வழியில் முடிந்த தூரம் போய்விட வேண்டும். குளோரின் போன்ற நச்சு வாயு என்றால், மூடிய கட்டடத்தின் மேல்மாடியில் ஏர்கானை நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பது பல நேரங்களில் நல்லது. படலம் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பவும் கூடாது. எல்லா வாயுவும் பனிபோல் வெளுக்காது. இவை பயிற்சியில், நம் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில், தமிழிலும் சொல்லப்பட வேண்டும்.

கணக்குப் போடும் பக்கத்தில் மாற வேண்டியவை அதிகம் செலவு பிடிப்பவை அல்ல. 'காம்' சதவீதத்தைத் திசைகளுக்குப் பிரிக்காமல் தனி நிகழ்வாக வைத்து, மேலே காட்டியதுபோல் கசிவு வேகத்தையும் அடைக்கும் நேரத்தையும் பெருக்கி ஒரு பரப்பு கண்டுபிடியுங்கள். அதைத் தள வரைபடத்தில், வடிகாலோடு சேர்த்து வரையுங்கள். அதற்குள் பம்ப் அறை வருகிறதா, கேன்டீன் வருகிறதா, லாரிகள் வரிசையாக நிற்கும் இடம் வருகிறதா, பக்கத்து ஆலையின் வேலி வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால், அந்த இடத்துக்கு மட்டும் ஃபிளாக்ஸ் போன்ற முப்பரிமாணக் கணிப்புக்குப் போகலாம். சுவர், வடிகால், டேங்க் எல்லாவற்றையும் வைத்து அது கணக்கிடும். நேரமும் பணமும் பிடிக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம். பன்ஸ்ஃபீல்டுக்குப் பிறகு பிரிட்டன் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வாளர்களும், டேங்க் வழிதலுக்கு இதே பாணியில் காற்றில்லா நேரத்து எளிய கணக்கு முறை ஒன்றை உருவாக்கினார்கள்.

வாயு டிடெக்டர்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். வழக்கமான காற்றுத் திசையை வைத்து, நெஞ்சு உயரத்தில் பொருத்தியவை, முழங்கால் உயரத்தில் எதிர்ப்பக்கம் போகும் மேகத்தைத் தவறவிடும். பண்டின் நான்கு பக்கமும், தரையிலிருந்து அரை மீட்டருக்குள், வடிகால் தொடங்கும் இடத்தில் ஒன்று என்று வைத்தால் கண்டுபிடிக்கும் நிமிடங்கள் குறையும். வடிகால் வால்வு மழை நின்றதும் மூடப்படுகிறதா என்பதும் இதில் சேரும்.

அம்மோனியாவும் வரிசையில் நிற்கிறது. 2024 மார்ச்சில் ஜூரோங் தீவிலிருந்து ஒரு கப்பலில் அம்மோனியா எரிபொருளாக ஏற்றப்பட்டது. தீவில் அம்மோனியாவை வைத்து மின்சாரம் எடுக்கும் திட்டமும் பேச்சில் உள்ளது. அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அழுத்தத்தில் திரவமாக வைத்தது வெளியே வரும்போது, நுண்துளிகளோடு சேர்ந்து குளிர்ந்த கனமான மேகமாகத் தரையோடு போகும். நெவாடா சோதனைகளில் அப்படித்தான் போனது. அந்தத் திட்டங்களுக்கான கணக்குகள் போடப்படும் இந்த நேரத்திலேயே, விண்ட் ரோஸின் நடுவட்டத்துக்கு அட்டவணையில் ஒரு தனி வரி கொடுத்துவிட வேண்டும். குழாய் போட்டு முடித்த பிறகு டிடெக்டரையும் வடிகாலையும் அசெம்பிளி பாயின்ட்டையும் இடம் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று தீவில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும்.